உடைந்த மூன்று வால்வுகளும் சித்தியின் வால்வும்

சித்தியின் கைப்பையில் ரேஷன் கார்டு, ஆதார், அப்புறம் லேமினேஷன் ஓரம் பிரிந்த இன்னொரு அட்டை, இந்த மூன்றும் எப்போதும் இருக்கும். கல்யாண வீடோ சந்தையோ, அதை எடுக்காமல் படியிறங்க மாட்டாள். அவள் பெயர், ஆபரேஷன் நடந்த தேதி, மைட்ரல் (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் உள்ள வால்வு) என்ற சொல், 27 என்று ஓர் அளவு, ஒரு வரிசை எண், சித்ரா என்று அவள் இதயத்தில் வைத்த செயற்கை வால்வின் பெயர். வழியில் எங்காவது மயங்கி விழுந்தால் தூக்கிப்போகிறவர்கள் பார்க்க வேண்டிய அட்டை அது. இதுவரை விழவில்லை. அட்டைதான் நைந்துபோனது.

1998ல் அவளுக்கு 31 வயது. நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசி மூட்டை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். சின்ன வயதில் தொண்டைக் கட்டும் காய்ச்சலும் வந்து, மூட்டுகள் மாறி மாறி வீங்கி, ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தாளாம். வீட்டில் அதை வாதக் காய்ச்சல் என்று நினைத்து எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். பெயர் சரிதான், ஆனால் அந்தக் காய்ச்சல் மூட்டோடு நிற்பதில்லை. தொண்டையில் வந்த கிருமியை அடிக்கப் போன உடம்பின் படை, இதய வால்வையும் எதிரி என்று நினைத்து அடித்துவிடுகிறது. வால்வின் இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அடி பட்டது பத்து வயதில் என்றால் வலி தெரிவது முப்பதில்.

எங்கள் ஊரில் இதயம் என்றாலே திருவனந்தபுரம்தான். மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி இரண்டு மணி நேர பஸ். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சிதானே. எல்லை மாறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி மாறவில்லை. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் என்பது முழுப்பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 'சித்ரா' என்றால் போதும்.

அங்கேதான் சித்தியின் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு, உள்ளூரிலேயே உருவான ஒரு வால்வை வைத்துத் தைத்தார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. வீட்டில் யாரோ கிளப்பிவிட்டார்கள், 'வைரம் மாதிரி ஒரு கல்லு வெச்சிருக்காங்களாம், அதுதான் தொறந்து தொறந்து மூடுமாம்' என்று. தெருவெல்லாம் அது பரவிவிட்டது. சித்தி மறுக்கவில்லை. மறுப்பானேன்?

பிறகு நான் பயோமெடிக்கல் எஞ்சினியரிங் படித்ததற்குச் சித்தியின் வால்வுதான் காரணம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை, கவுன்சலிங்கில் என் மார்க்குக்கு அதுதான் கிடைத்தது. எங்கள் துறை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிப் பலகை. தலைப்பு: 'துறையின் சாதனைகள்'. இத்தனை கட்டுரைகள், இத்தனை காப்புரிமை விண்ணப்பங்கள், இத்தனை ஒப்பந்தங்கள். ஒவ்வொரு ஆண்டும் எண்ணிக்கை ஏறும். கீழே நாங்கள் செய்த கருவிகளின் படங்கள். எங்கள் குழுவின் பல்ஸ் ஆக்சிமீட்டரும் அதில் இருந்தது. வைவா அன்று காலை ஓடியது. ஓடும்போதே போட்டோ எடுத்துவிட்டோம். மத்தியானம் ஒரு கருகல் வாசனை, அவ்வளவுதான். போட்டோ மட்டும் மூன்று வருடம் பலகையில் இருந்தது. ஏன் கருகியது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

சித்ரா வால்வின் வரலாற்றை முதன்முதலில் ஒழுங்காகப் படித்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். படித்தபோது அந்தக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. ஏனென்றால் அந்த வரலாற்றில் பாதிக்கு மேல் உடைந்துபோன சாமான்களின் கதை.

1973ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் ஒரு பலமாடிக் கட்டடத்தை மக்களுக்காகக் கொடுத்தது. அடுத்த வருடம் மாவேலிக்கரைக்காரரான டாக்டர் எம்.எஸ். வலியத்தான் அங்கே வந்து சேர்ந்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்ற இதய அறுவை மருத்துவர். 1976ல் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது வைக்கக்கூடிய செயற்கை வால்வு எல்லாமே வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வாதக் காய்ச்சல் வருவதோ பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு. அறுவை செய்ய ஆள் இருக்கிறது, வைக்கிற சாமான் வாங்கக் காசு இல்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார்கள்.

இறங்கிய இடம் ஓர் அரண்மனை. திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள சாட்டல்மண்ட் அரண்மனை, ஒரு காலத்தில் ராணி சேது லட்சுமி பாயி வாழ்ந்த இடம். ஆஸ்பத்திரி ஊரின் ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம். அங்கே உலோகக்காரர்கள், பாலிமர்க்காரர்கள், இயந்திரப் பொறியாளர்கள், ரத்தம் உறைவதைப் பார்க்கிறவர்கள், விலங்கு அறுவைக்கூடம் என்று எல்லாம் ஒரே வளாகத்துக்குள் வந்தன. 1980ல் நாடாளுமன்றச் சட்டம் வழியாக அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. பல்கலைக்கழகத் துறை என்று கறாராகச் சொல்ல முடியாது; ஆனால் பட்டம் கொடுக்கிறது, முனைவர் பட்டத்துக்கு மாணவர்களை எடுக்கிறது. கிளினிக்கல் எஞ்சினியரிங் முதுகலையை ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி. இரண்டோடும் சேர்ந்து நடத்துகிறது. நான் அதற்கு விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை, அது வேறு கதை.

வால்வு வேலையின் பொறியியல் பக்கத்தைத் தாங்கியவர் ஜி.எஸ். புவனேஸ்வர். அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவம் சாய்வட்டு: ஒரு உலோக வளையம், அதற்குள் ஒரு வட்டத் தட்டு. ரத்தம் தள்ளும்போது தட்டு சாய்ந்து வழிவிடும், திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். தட்டு கழன்று போகாமல் வளையத்திலிருந்து நீளும் கம்பிகள் பிடித்திருக்கும். பார்க்கக் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வை விட எளிமையான சாமான். ஆனால் ஃபுட் வால்வு போனால் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் மாதிரியில் அந்தக் கம்பியை வளையத்தோடு எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்தார்கள். சோதனை எந்திரத்தில் ஓடும்போதே கம்பி உடைந்தது. பற்றவைத்த இடத்தில் உலோகம் மொறுமொறுப்பாகியிருந்தது. வெல்டிங் பட்டறைக்காரரிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்வார்: ஒட்டு விட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் முறியும்.

இரண்டாவது மாதிரி. டைட்டானியம் கூடு, தட்டுக்குச் செயற்கை நீலக்கல். நீலக்கல் என்றதும் மோதிரத்தை நினைக்க வேண்டாம். இது நிறமில்லாமல் கண்ணாடி போல இருக்கும், விலைகூடிய கைக்கடிகாரங்களின் முகத்துக்குப் போடுவார்களே, அது. ரத்தத்தோடு ஒத்துப்போகும், வழுவழுப்பு, கடினமும் கூட. கடினம் அளவுக்கு மீறிப்போனது. கல் தேயவில்லை, கல்லைப் பிடித்திருந்த டைட்டானியம் தேய்ந்தது. அம்மிக்கல்லை அலுமினியத் தட்டில் வைத்து அரைத்த கதை.

மூன்றாவதில் டைட்டானியத்தை விட்டுவிட்டு ஹேய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலவைக்குப் போனார்கள். ஜெட் எஞ்சின் பாகங்களுக்குப் பயன்படுகிற உலோகம். தட்டு அதே நீலக்கல். இந்தத் தடவை சோதனைக்கூடத்தில் எல்லாமே சரியாக நடந்தது. தேய்மானம் இல்லை, முறிவு இல்லை. செம்மறி ஆட்டின் இதயத்தில் வைத்தார்கள். ஆடும் பிழைத்தது, மேய்ந்தது. சில மாதம் கழித்து ஒரு ஆடு செத்துப்போனது. திறந்து பார்த்தால் தட்டு உடைந்திருந்தது.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வருடக்கணக்கான வேலை. மேசைமேல் செய்கிற சோதனை அத்தனையிலும் பாஸ். கல் நொறுங்கக்கூடியது என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் எப்போது என்பதை ஆடுதான் சொன்னது. இப்போதுள்ள துறைகளில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாதிரியின் சோதனைக்கூட முடிவுகளை வைத்து ரெண்டு கட்டுரை, ஒரு காப்புரிமை, ஒரு பத்திரிகைச் செய்தி. ஆட்டைப் பற்றி அடுத்த திட்ட அறிக்கையில் 'மேலும் ஆய்வு தேவை' என்று ஒரு வரி. கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுகிறேன், தெரிகிறது.

அவர்கள் தட்டைத் தூக்கிப்போட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தது பாலித்தீன். பால் கவருக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் சங்கிலி பல மடங்கு நீளமான, தேயாத வகை. செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு அறுபதுகளிலிருந்தே போடுகிறார்கள். வெளிநாட்டு வால்வுகளில் அப்போது இருந்தது பைரோலிட்டிக் கார்பன் தட்டு. அந்தத் தொழில்நுட்பம் நம் கையில் இல்லை. கோபால்ட் கலவைக் கூடு, பாலித்தீன் தட்டு, தையல் போடச் சுற்றிலும் பாலியெஸ்டர் துணி. கூட்டை ஒரே உலோகத் துண்டிலிருந்து குடைந்தெடுத்தார்கள். கம்பியும் வளையமும் ஒன்று, வெல்டிங் என்ற பேச்சே இல்லை. 1990 டிசம்பர் 6 அன்று இந்த நாலாவது மாதிரி முதன்முதலாக ஒரு மனித இதயத்துக்குள் போனது.

வெல்டிங் விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சாய்வட்டு வால்வை 1969ல் கொண்டுவந்தவர்கள் ஸ்வீடன் மருத்துவர் வைக்கிங் பியோர்க்கும் அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் ஷைலியும். நல்ல வால்வு, உலகம் முழுக்கப் போனது. பிறகு தட்டின் வளைவை மாற்றி ஒரு புது வடிவம் வந்தது. 1979 முதல் 1986 வரை சந்தையில் இருந்தது, ஏறக்குறைய 86,000 பேருக்கு வைத்தார்கள். அதில் ஒரு கம்பி பற்றவைத்தது. நூற்றுக்கணக்கானோருக்கு அது நெஞ்சுக்குள்ளேயே முறிந்தது. முறிந்தால் தட்டு ரத்தத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும், அவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். முறியாதவர்கள் பயத்தோடு வாழ்ந்தார்கள். எடுத்துவிட மறுபடி நெஞ்சைத் திறப்பதா, வேண்டாமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய நிலை.

அங்கே மனிதர்களுக்குள் முறிந்தது பூஜப்புரையில் சோதனை எந்திரத்திலேயே முறிந்தது. இதைவிடப் பெரிய சாதனையாக நான் எதையும் நினைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டியது அந்த உடைந்த கம்பியைத்தான்.

சோதனை எந்திரம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு 3 கோடியே 78 லட்சம் தடவை வால்வு திறந்து மூடும். பத்து வருடத்துக்கு 38 கோடி. பத்து வருடம் காத்திருக்க முடியாது என்பதால் வேகமாக அடிக்க வைக்கிறார்கள். விநாடிக்கு 15 தடவை என்று வைத்துக்கொண்டாலும், ராத்திரி பகல் நிறுத்தாமல் ஓட்டி அந்தப் பத்து வருடத்தை முடிக்க ஒன்பதரை மாதம் ஆகும். மின்சாரம் போகக் கூடாது, பம்ப் நிற்கக் கூடாது. தட்டின் தேய்மானத்தை அவ்வப்போது அளக்க வேண்டும். ஒன்பது மாதம் ஓடி உடைந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒரு முனைவர் பட்ட மாணவரை இன்றைக்கு உட்கார வைத்தால் வழிகாட்டியை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு இத்தனை கட்டுரை என்று கேட்கிற இடத்தில் உடையும் வரை காத்திருக்கிற வேலைக்கு மதிப்பெண் ஏது?

வால்வைத் தயாரித்து விற்க முன்வந்தது சென்னையின் டி.டி.கே. குழுமம். 1995ல் சந்தைக்கு வந்தது. இந்தத் தகவலைச் சித்தியிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை.

"குக்கர் செய்யுதவனா?"

"குக்கர் வேற கம்பெனி சித்தி, குடும்பம் ஒண்ணு."

"அப்ப விசில் அடிக்காம இருந்தா சரி."

விசில் இல்லை, ஆனால் சத்தம் உண்டு. ராத்திரி மின்விசிறியும் ஓடாத நேரத்தில் சித்தி வாயைத் திறந்துகொண்டு மூச்சைப் பிடித்தால் மெல்ல ஒரு 'டிக்' கேட்கும். சின்ன வயதில் இது எங்களுக்கு ஒரு விளையாட்டு. கார்பன் தட்டு போட்ட வால்வுக்காரர் ஒருவர் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே கேட்கும், வாட்சுக் கடைக்காரர் என்று பட்டப்பெயர். பாலித்தீன் கல்லையும் கார்பனையும் விட மிருதுவானது, மூடும்போது அடி மெதுவாக விழுகிறது. சத்தம் குறைய வேண்டும் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தார்களா, தேர்ந்தெடுத்த பிறகு சத்தம் குறைந்ததா தெரியாது. சித்திக்கு நிம்மதியான தூக்கம்.

வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஒருமுறை விற்பனைப் பிரதிநிதி செயல்விளக்கத்துக்கு வைத்திருந்த சாம்பிள் வால்வை என் கையில் கொடுத்தார். பழைய ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம். வெள்ளைத் துணி வளையம், உள்ளே மங்காத உலோகம், நடுவே பால் நிறத்தில் தட்டு. சாய்த்தால் தட்டு தானே திறக்கிறது, நிமிர்த்தினால் விழுந்து மூடுகிறது. விரலால் தள்ளிப் பார்த்தேன், தட்டு தன் இடத்திலேயே சுழலவும் செய்தது. ஒரே இடம் தேயாமல் இருக்க அந்தச் சுழற்சி. நகக்கண்ணால் வளையத்தின் உள்பக்கத்தைத் தடவினேன், கம்பி முளைக்கிற இடத்தில் ஒட்டு எதுவும் தட்டுப்படுகிறதா என்று. ஒன்றும் இல்லை. பிரதிநிதி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்றைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்த வால்வு வைத்தாகிவிட்டது. அதே அரண்மனையிலிருந்து வந்த ரத்தப் பையையும் சொல்லாமல் விடக் கூடாது. அதற்கு முன் நம் ஆஸ்பத்திரிகளில் ரத்தம் கண்ணாடி பாட்டிலில்தான் இருக்கும். பாட்டில் உடையும், காற்று போகும், முக்கியமாக அதில் ரத்தத்தைப் பிரிக்க முடியாது. பை வந்த பிறகுதான் ஒருவர் கொடுத்ததைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து வேறு வேறு நோயாளிகளுக்குக் கொடுக்க வழி பிறந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு ஐ.ஏ.எஸ். வேலையை விட்ட சி. பாலகோபால் திருவனந்தபுரத்திலேயே பென்போல் நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு அது ஜப்பானின் டெருமோவோடு சேர்ந்தது, உலகின் பெரிய ரத்தப் பைத் தயாரிப்பாளர்களில் ஒன்றானது. சித்திக்கு ஆபரேஷனில் ஏற்றிய ரத்தமும் அந்தப் பையில் வந்திருக்கலாம். அட்டையில் அதெல்லாம் எழுத மாட்டார்கள்.

வால்வு வைத்ததோடு முடிந்துவிடுவதில்லை. உலோக வால்வைக் கண்டால் ரத்தம் உறையப் பார்க்கும், அதைத் தடுக்க ஆயுள் முழுக்க மாத்திரை. சித்திக்கு அசிட்ரோம். கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. அதற்காக மாதாமாதம் ஐ.என்.ஆர். என்று, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை. ஒருதடவை பக்கத்து ஊர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் 1.8 என்று எழுதிக் கொடுத்தார்கள். மைட்ரல் வால்வுக்கு அது குறைவு. மாத்திரையைக் கூட்டச் சொல்லியிருப்பார்கள்; எனக்கு என்னவோ உறுத்தி, நாகர்கோவில் கூட்டிப்போய் மறுபடி எடுத்தேன். 3.1. சரியான அளவு. அந்தக் கூடத்துக்குப் போய்க் கேட்டால் ரியேஜென்ட் (ரத்தத்தோடு சேர்க்கும் ரசாயனம்) பாட்டிலை மாற்றும்போது, அதன் வீரியத்தைக் கணக்கில் எடுக்கும் புது எண்ணை எந்திரத்தில் பதியவில்லை என்றார்கள். ஒரு பாட்டிலின் லேபிளில் இருக்கும் ஒரு எண். பூஜப்புரையில் மாதக்கணக்கில் ராத்திரி பகலாக ஓட்டிப் பார்த்த சாமானுக்கு இப்படி ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

கீரை விஷயமும் உண்டு. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பதால், முருங்கைக் கீரையைத் தொடவே கூடாது என்று யாரோ சொல்லிச் சித்தி எட்டு வருடம் சாப்பிடவில்லை. ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும், மாத்திரையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்று பிறகு சித்ராவில் ஒரு டாக்டர் சொன்னார். அந்த எட்டு வருடத்துக்குச் சித்தி இன்னும் யாரையும் மன்னிக்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரைதான் உருவிக்கொண்டிருந்தாள். 1998லிருந்து கணக்குப் பார்த்தால் நூறு கோடி தடவை திறந்து மூடியிருக்கும் என்றேன். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தட்டு எதனால் செய்தது என்று சொன்னதும்தான் கை நின்றது.

"பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்குன்னா இது வேற மாதிரி..."

"பால் கவருக்குச் சொந்தம்னு இப்பதானே சொன்ன?"

"சொன்னேன்."

"அப்ப கல்லு?"

கல் வைத்த வால்வும் ஒன்று இருந்தது என்று சொன்னேன். தெருவில் பரவிய கதை அப்படியொன்றும் பொய் இல்லை, அவளுடையதற்கு முந்தின மாதிரி அது, ஓர் ஆட்டுக்கு வைத்தார்கள், உடைந்துபோனது. சித்தி வளர்க்கும் வெள்ளாடு இரண்டும் பலா மரத்தடியில் கட்டிக் கிடந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடு செத்துப்போச்சா?"

"ஆமா சித்தி."

"எனக்க நெஞ்சுக்குள்ள பிளாஸ்டிக்கே இருக்கட்டு மக்களே," என்றாள். கீரைக் காம்பை அள்ளிக்கொண்டு போய் ஆடுகளுக்குப் போட்டுவிட்டு வந்தாள். "ஆனா தெருவுல யாருட்டயும் சொல்லிராத. கல்லுன்னே இருக்கட்டு."